பச்சை மாறாப் பெருந்தகைக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம்

மகா ராஜ ராஜ ஸ்ரீ டெஸ்ட் சூட் பெருந்தகை அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, அடியேன் அநேக தெண்டனிட்டு வாசித்தளிக்கும் வாழ்த்துப் பத்திரம்.

பச்சை நிறத்தின் பாதுகாவலரே! பைப்லைனின் பட்டத்தரசே! வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ்களுக்கெல்லாம் அபயம் அளிக்கும் திருக்கரமே! தேவரீரின் புகழை எடுத்துரைக்கப் புகுந்தவர் எவரும் அதை முழுவதும் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்துவிடுகிறது. அந்தப் போன்களுக்கும் தேவரீருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை முதற்கண் சபைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். போன் வந்த வேளையிலெல்லாம் தேவரீர் பச்சையாகத்தான் இருந்தீர்.

சபையில் மென்பொருள் துறை அறியாத பெரியோரும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. வலைச்செயலி என்பது திரையில் தெரியும் அலங்காரம். அதற்குப் பின்னால் தரவுத்தளம் என்கிற கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு, யார் எதைப் பதிந்தார், எவ்வளவு கட்டினார் என்று வரிவரியாக எழுதி வைக்கிறார். இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று ஆட்கள் உட்கார்ந்து கிளிக் செய்து பார்த்தது அந்தக் காலம். இப்போது அதற்கென்றே எழுதிய நிரல்கள் தாமாக ஓடி, சரியென்றால் பச்சையும் தவறென்றால் சிவப்பும் காட்டுகின்றன. அந்நிரல்களின் திரண்ட வடிவமே இன்றைய விழா நாயகர். சிவப்பு என்றொரு நிறமும் அவருக்கு உண்டு என்று ஏடுகள் கூறும். அது நீடித்து நின்று கண்டவர் இச்சபையில் இல்லை.

புகழ்ச்சி வானத்தில் மிதக்காமல் இருக்க, கல்யாண மண்டபம் பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்டபத்தின் பெயர், முகூர்த்த நாள், முன்பணம், பதிவு செய்தவர் விலாசம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் தேவரீரின் பெருமை அத்தனையும் இந்த நான்கு பத்திகளுக்குள் அடங்கிவிடும்.

தேவரீரின் குணங்களுள் தலையாயது, தரவுத்தளத்தின் முகத்தில் விழிப்பதில்லை என்ற விரதம். அந்தக் கணக்குப்பிள்ளை பேசத் தெரியாதவர். ‘இந்த நாள் ஏற்கெனவே போய்விட்டது’ என்பார். ‘இந்தப் பத்தியில் எண்தான் வரவேண்டும்’ என்பார். சமயத்தில் இணைப்பையே துண்டித்துக்கொண்டு போய்விடுவார். மாட்சிமை தங்கியவர்களுக்கு இத்தகையவரோடு என்ன சகவாசம்? ஆகவே தேவரீர் அவர் இருக்கையில் மாக் என்னும், பணிவே உருவெடுத்த வேடதாரியை அமர்த்தியிருக்கிறீர். ‘பதிவு செய் என்று கூப்பிட்டால், ஆயிற்று என்று சொல்’ என முதல் வரியில் மாக்குக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இரண்டாம் வரியில் ‘பதிவு செய்’ என்று கூப்பிடப்படுகிறது. மாக் ‘ஆயிற்று’ என்கிறது. மூன்றாம் வரியில் தேவரீர் சிங்காசனத்திலிருந்து சற்றே முன்னால் சாய்ந்து, ‘ஆயிற்று என்றுதானே பதில் வந்தது?’ என்று கம்பீரமாக விசாரிக்கிறீர். ஆம் பிரபு, அப்படித்தான் வந்தது. பச்சை!

கேட்பவரும் தாமே, சொல்பவரும் தாமே, கேட்டு மகிழ்பவரும் தாமே. இரண்டற்ற இந்த நிலையைத் தேடி மலையேறிப் போனவர்கள் உண்டு. தேவரீர் மூன்று வரியில் எட்டிவிட்டீர். இடையில், தரவுத்தளத்தைக் கேட்கும் குவெரியில் டேபிளின் பெயர் பிழையாக இருந்ததே, காற்புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்ததே, டேபிளின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனில் போன மாதமே பெயர் மாறிவிட்ட பத்தியைப் பழைய பெயரால் கூப்பிட்டிருந்தார்களே என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அந்தக் குவெரி எந்தத் தரவுத்தளத்துக்கும் போகவில்லை ஐயா. போகாத ஊருக்கு வழி எப்படித் தப்பும்?

எப்போதாவது அபூர்வமாக, தரவுத்தளம் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தேவரீருக்குத் திருவுளம் உண்டாவதும் உண்டு. அந்நாளிலும் மண்டபக் கணக்கை மெய்யாகவே வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸை அழைத்து வருவதில்லை. அவர் எழுந்து வர நேரம் பிடிக்கும். அவருக்குப் பதிலாக எஸ்கியூலைட் அழைக்கப்படுகிறது, அதுவும் வட்டில் ஒரு வரி எழுதாமல் நினைவகத்தில் மட்டும் தோன்றி மறையும் கோலத்தில். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் உலகுக்குத் தந்த எஸ்கியூலைட், கைப்பேசிக்குள் உட்கார்ந்து நாணயமாக உழைப்பது. அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தன் வழக்கங்கள் இன்னின்னவை என்று தன் ஆவணத்திலேயே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறது. ஆளைப் பற்றிப் படித்துப் பார்த்துவிட்டு வேலைக்கு வைப்பது சாமானியர் வழக்கம், தேவரீருடையதன்று.

அந்த வழக்கங்கள்தாம் எத்தனை தாராளம்! எண் வரவேண்டிய பத்தியில் எழுத்தைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். முன்பணம் என்ற இடத்தில் ‘பிறகு தருகிறேன்’ என்று எழுதினாலும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கும். பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்த பத்தியில் நூறெழுத்துப் பெயர் தலை நிமிர்ந்து நுழையும். தேதிக்கென்று தனி வகை அதற்குக் கிடையாது. ஆகவே முகூர்த்தம் பிப்ரவரி 30ஆம் நாள் என்றாலும் முகம் சுளிக்காது. பட்டியலிலேயே இல்லாத மண்டபத்தின் எண்ணைக் கொடுத்துப் பதிந்தாலும், ஃபாரின் கீ சரிபார்க்கும் விசையை நாமாகப் போட்டாலொழிய, ஆட்சேபிக்காது. வகை தவறினால் மறுத்துவிடும் கண்டிப்பான டேபிள் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 2021இல் வந்த 3.37 பதிப்பில் ஒரு வசதியும் செய்து கொடுத்தார்கள். தேவரீர் கேட்கவில்லை. கேட்பது தேவரீரின் சுபாவத்திலேயே இல்லை.

ஆக, பிப்ரவரி 30ஆம் நாளில், இல்லாத மண்டபத்தில், ‘பிறகு தருகிறேன்’ என்னும் தொகையை முன்பணமாகக் கட்டி நடைபெறவிருக்கும் ஒரு திருமணத்துக்குத் தேவரீர் பச்சை காட்டி ஆசீர்வதித்தீர். எவ்வளவு பெரிய மனம்! போஸ்ட்கிரெஸாக இருந்தால் மூன்றையும் வாசலிலேயே மறித்திருக்கும். மறிக்கவும் செய்தது, ரிலீஸ் முடிந்த பிறகு, வாடிக்கையாளர் கண்முன்னால். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘ராஜா’ என்று தேடினால் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘ராஜா மஹாலை’ எஸ்கியூலைட்டின் லைக் என்னும் தேடல் கட்டளை தேடிக் கொடுத்துவிடும், போஸ்ட்கிரெஸின் லைக் கொடுக்காது என்பதெல்லாம் சில்லறை விஷயம். இவ்வளவு பெரிய கல்யாணத்தில் அதைப் பேசுவது அழகல்ல.

இனி, தேவரீரின் ராஜ்யத்தில் நிலவும் அமைதியைச் சொல்ல வேண்டும். டெஸ்ட் ஒவ்வொன்றையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து நடத்தி, முடிந்ததும் ரோல்பேக் செய்து, நடந்த சுவடே இல்லாமல் துடைத்துவிடுவது டிஜாங்கோ, ரெயில்ஸ் என்னும் வலைச்செயலிக் கட்டமைப்புகள் கற்றுக்கொடுத்த வழக்கம். வேகமானது, சுத்தமானது, நல்லது. தேவரீர் அந்த நல்ல வழக்கத்தையே உலகம் முழுவதும் என்று கொண்டீர். அங்கே எப்போதும் ஒரே ஒரு குடிமகன்தான். அவன் வருவான், மண்டபம் காலியா என்று பார்ப்பான், பதிவான், மாயமாக மறைவான். அடுத்தவன் வரும்போது உலகம் புதிதாகப் படைக்கப்பட்டிருக்கும். குடிகள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாத ஆட்சி வேண்டும் என்று எந்தப் புலவர் கேட்டாரோ, அவர் கேட்டதைத் தேவரீர் நிறைவேற்றிவிட்டீர்.

வெளியே உள்ள பாழும் உலகத்தில் இரண்டு பெண் வீட்டார் தை மாதத்து ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தை ஒரே நொடியில் தேடுகிறார்கள். இருவருக்கும் ‘காலி’ என்று தெரிகிறது. இருவரும் பணம் கட்டுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக வைத்திருக்கும் ரீட் கமிட்டட் ஏற்பாட்டில், ஒருவர் எழுதி முடிக்காததை மற்றவர் பார்க்க முடியாது. எனவே இரண்டு பதிவும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. ‘மண்டபமும் நாளும் சேர்ந்து இரண்டாம் முறை வரலாகாது’ என்று டேபிளிலேயே ஒரு வரி எழுதிவைத்திருந்தால் கணக்குப்பிள்ளையே இரண்டாமவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். அப்படி ஒரு வரி இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்க இரண்டு இணைப்புகளைத் திறந்து, இரண்டையும் ஒரே சமயத்தில் மோதவிடும் டெஸ்ட் ஒன்று வேண்டும். அது சண்டை மூட்டும் வேலை. தேவரீர் அதைச் செய்வீரா? இரண்டு மாப்பிள்ளை அழைப்பும் இரண்டு நாதஸ்வர கோஷ்டியும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்து நின்றபோது, இரண்டு செட்டும் மல்லாரி வாசித்தன என்று கேள்வி. அந்த இசை விருந்துக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

பதிவு கமிட் ஆன பிறகு உறுதிச் செய்தி அனுப்பும் வேலையும் இப்படித்தான். டிஜாங்கோவின் சாதாரண டெஸ்ட்கேஸில் எதுவும் உண்மையாகக் கமிட் ஆவதில்லை என்பதால், கமிட்டுக்குப் பின் என்று வைத்த வேலை ஓடுவதே இல்லை. ஓடவைத்துப் பார்க்க விரும்புவோருக்காக 3.2 பதிப்பில் ஒரு கருவி தந்தார்கள். விரும்பியவர் இல்லை.

எப்போதும் பச்சை என்றேன். பொன்மேனிக்கும் ஒரு சிறு உஷ்ணம் வருவதுண்டு. காலையில் பச்சை, பத்து மணிக்குச் சிவப்பு, ஒரு வரியும் மாற்றாமல் காபி குடித்துவிட்டு வந்து ஓட்டினால் மறுபடி பச்சை. இதற்கு அரண்மனை வைத்தியர்கள் கண்டுபிடித்த மருந்து அற்புதமானது. மூன்று முறை ஓட்டு, ஒருமுறை பச்சை வந்தாலும் பச்சை என்று கொள். பைப்லைனிலேயே எழுதியாயிற்று. இரண்டு சாட்சிகள் ‘குத்தினான்’ என்று சொல்லி மூன்றாமவர் ‘பார்க்கவில்லை’ என்றால் விடுதலை வழங்கும் இப்படிப்பட்ட கருணை வேறெந்த நீதிமன்றத்தில் உண்டு? கூகுள்காரர்கள் இந்த உஷ்ணத்தை நோய் என்று எண்ணி ஆள் வைத்து அளந்து பார்த்தார்கள். தங்கள் டெஸ்டுகளில் சுமார் 16 விழுக்காட்டில் ஏதோ ஓர் அளவுக்கு இந்த ஊசலாட்டம் இருப்பதாகவும், பச்சையாயிருந்தது சிவப்பாக மாறிய சம்பவங்களில் 84 விழுக்காட்டுக்குப் பின்னால் இத்தகைய ஊசலாடும் டெஸ்டே இருப்பதாகவும் 2016இல் எழுதினார்கள். அளந்து என்ன கண்டார்கள்? கவலையைத்தான் கண்டார்கள். தேவரீர் அளக்கவில்லை. ஆகவே கவலையும் இல்லை.

யோகநித்திரையையும் குறிப்பிடாமல் விடக்கூடாது. பக்கம் எப்போது தயாராகும் என்று கேட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக, ‘ஐந்து விநாடி உறங்கு’ என்று ஒரு வரி. மிஷின் மந்தமான நாளில் அது பத்தாகும். பிறகு முப்பதாகும். பாதி ராத்திரியும் உறக்கத்திலேயே கழிகிறது, பில் மட்டும் விழித்திருக்கிறது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு லீலை நினைவுக்கு வருகிறது. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுவது. இந்தியாவில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5:30 வரை, நமக்கு ‘இன்று’ என்பது அதற்கு ‘நேற்று’. அந்த இடைவெளியில் ஓட்டியபோதெல்லாம் ‘இன்றைய முகூர்த்தங்கள்’ டெஸ்ட் சிவந்தது. அமைச்சர்கள் கூடி ஆலோசித்தார்கள். பிரம்ம முகூர்த்தத்தில் தேவரீரின் துயில் கலைத்தது தங்கள் பிழையே என்று உணர்ந்து, ராத்திரி ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவைத்தார்கள். பச்சை திரும்பியது. அதிகாலையில் எழுந்து மண்டபம் பதிந்த வாடிக்கையாளர்கள், தேதி ஒன்று பின்னால் போய்ப் பதிவானதைத் தங்கள் கிரகநிலையின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கவரேஜ் என்னும் மணிமகுடத்துக்கு வருவோம். நிரலின் வரிகளில் எத்தனை விழுக்காடு டெஸ்டின்போது ஓடியது என்பதே கவரேஜ். 80 வேண்டும் என்று மேலிடம் கேட்டது. தேவரீர் 80 கொடுத்தீர். எப்படி? கேட்ட அளவுக்கு வரிகளை ஓடவிட்டீர். ஓடி என்ன ஆயிற்று என்று ஒருவரையும் கேட்கவில்லை. நூறு வரிகளைக் கூப்பிட்டுவிட்டு இறுதியில் விடை சரியா என்று பார்க்கும் அசர்ட் ஒன்றுகூட இல்லாத டெஸ்டுகள் தேவரீரிடம் உண்டு. சிலவற்றில் அசர்ட் உண்டு, அது ‘உண்மை உண்மையாகும்’ என்று மட்டும் பிரகடனம் செய்கிறது. இதை மறுக்க எந்தத் தத்துவவாதிக்குத் துணிவு வரும்? வேறு சில, பிழை எழுந்தால் அதை லாவகமாகப் பிடித்து, ஓசைப்படாமல் விழுங்கிவிடுகின்றன. ஆலகாலம் உண்டவர் தொண்டையிலாவது ஒரு நிறம் தங்கியது. இங்கே லாகில்கூட ஒரு வரி தங்காது. அந்த 80, மேனேஜரின் பவர்பாயிண்டில் பெரிய எழுத்தில் ஏறி, அங்கிருந்து அப்ரைசலில் ஏறி, அங்கிருந்து போனஸாக இறங்கியது. ஓர் எண் இத்தனை குடும்பங்களை வாழவைத்திருக்கிறது என்றால், அது எதை அளக்கிறது என்று கேட்பது நன்றி கெட்டதனம்.

தேவரீரின் குடிமக்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அங்கே மணமகன் பெயர் ஜான் டோ. மணமகள் ஏஎஸ்டிஎஃப். இருவரின் போன் எண்ணும் பத்து ஒன்பதுகள். யாருக்கும் இனிஷியல் கிடையாது. கடைசிப் பெயர் குறைந்தது இரண்டெழுத்தாவது இருக்கவேண்டும் என்ற விதியை அவர்கள் ஒருவரும் மீறியதில்லை, எனவே ‘க. முருகன்’ வகையறாக்கள் படிவத்தோடு மல்லுக்கட்டியதும் தேவரீரின் செவிக்கு எட்டியதில்லை. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘ஸ்ரீ’ கணினிக்குள் நான்கு குறிகளாக உட்கார்ந்திருக்கும் என்பதால், நீளத்துக்கு வரம்பு வைத்த பத்தியில் மங்களகரமான பெயர்கள் வால் அறுபட்டன. ஏஎஸ்டிஎஃப்புக்கு அந்தத் துன்பம் இல்லை. டேபிளிலும் மூன்றே வரிகள்தாம் இருக்கும். மூன்று வரிகளில் தேட இன்டெக்ஸ் எதற்கு? கண் இமைக்கும் முன் விடை வரும். வெளியே அதே டேபிள் பல லட்சம் வரிகளாக வளர்ந்து, தேடல் பொத்தானை அமுக்கியவர் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது, அவர் உடம்புக்கும் நல்லதுதானே.

டெஸ்ட் உலகம் பொய்யாக இருக்கக்கூடாது என்று எண்ணும் சமஸ்தானங்கள், மெய்யான வாடிக்கையாளர் தரவை விலாசம், போன் எண் சகிதமாக அப்படியே நகலெடுத்து டெஸ்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. இதில் ஒரு சுகம் உண்டு. 2021 ஜூன் 17 அன்று ஹெச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு ‘ஒருங்கிணைப்புச் சோதனை மின்னஞ்சல் 1’ என்ற தலைப்பில் வெற்று மடல் ஒன்று போய்ச் சேர்ந்தது. பயிற்சிக்கு வந்தவர் கைபட்டு நேர்ந்தது என்று நிறுவனமே சொல்லிச் சிரித்தது. எத்தனை டெஸ்டுகள் இப்படி மக்களிடம் நேரடியாகப் பேசியிருக்கின்றன?

பெருந்தகையின் குலப்பெருமை பாடாமல் பத்திரம் நிறையாது. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஜனங்கள் காப்பீடு தேடி வருவார்கள் என்று தெரிந்த தளம். முழுவதையும் ஒருசேர இணைத்துச் சோதித்தது திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்தக்காரர்கள் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார்கள். முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் தனித்தனியே பெயர் சொல்லி வரவேற்கும் வாய்ப்பு வேறெந்த அரசுக்குக் கிடைத்தது?

அதனினும் பெரிய முன்னோர் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை லாய்ட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து, புதிய உரிமையாளரான ஸ்பெயினின் சபடெல் கட்டிய அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றியது. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் திறக்கும் தளம்தான் திறக்கவில்லை. லட்சக்கணக்கானோர் தம் பணத்தைத் தாமே பார்க்க முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது, பகிர்ந்துண்ணும் பண்பு. இரண்டு தரவு மையங்கள் ஒருசேர ஓடும்படி அமைத்த ஏற்பாடு அது. பளு தாங்குமா என்ற சோதனை ஒன்றில் மட்டும் நடந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று நாம் படித்ததை அவர்கள் இரண்டு பானைக்கும் ஒரு சோறு என்று விரித்துரைத்தார்கள். அந்தச் சிக்கனத்தைப் பாராட்டி, 2022 டிசம்பரில் பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வசூலித்துக்கொண்டன. வாடிக்கையாளர்களுக்கு வங்கி கொடுத்த இழப்பீடு இதில் சேராது. மறுவருடம், அப்போது தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவருக்கும் தனியாக ஒரு தொகை விதித்து மரியாதை செய்தார்கள்.

தேவரீரின் அவையில் முன்பு ஒரு கிழட்டு டெஸ்ட் இருந்தது. மெய்யான போஸ்ட்கிரெஸைத் தட்டி எழுப்பி, மைக்ரேஷன்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டி, இரண்டு பேரை ஒரே மண்டபத்துக்கு மோதவிட்டு, முடிவைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நாற்பது விநாடி எடுத்துக்கொள்ளும். ஒரு வியாழக்கிழமை மாலை, மறுநாள் டெமோ என்ற நிலையில், அது சிவந்தது. திரும்ப ஓட்டினார்கள், சிவந்தது. மூன்றாம் முறையும் சிவந்தது. பண்பு கெட்ட பிடிவாதம்! அதன் தலைமேல் ‘ஸ்கிப்’ என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் ‘தற்காலிகம், அடுத்த ஸ்பிரின்டில் பார்க்கலாம்’ என்று குறிப்பும் வைத்தார்கள். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய்விட்டார். குறிப்பு அப்படியே இருக்கிறது. டெமோ மிகச் சிறப்பாக நடந்தது என்று மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது.

டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1969இல் ரோம் நகரில் கூடிய மாநாட்டிலேயே குறைபட்டுக்கொண்டார்: சோதனையால் பிழை இருப்பதைத்தான் காட்ட முடியும், இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று. அவர் பார்த்த சோதனைகள் அவ்வளவுதான். பிழை இருப்பதையும் காட்டாத உயர்நிலை ஒன்று உண்டு என்பதை அவர் தேவரீரைத் தரிசித்திருந்தால் அறிந்திருப்பார்.

சபையோரே, பொன்னாடை போர்த்துமுன் ஒரு விண்ணப்பம். நம்மிடையே சில அநாகரிகர்கள் இருக்கிறார்கள். செயலியின் நிரலில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் போடுகிறார்கள், நிபந்தனையைத் தலைகீழாக்குகிறார்கள், தரவுத்தளத்தில் எழுதும் வரியையே அடித்துவிடுகிறார்கள். மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயரிட்டு 1970களிலிருந்தே இந்தத் துர்ப்பழக்கத்தை வளர்த்துவருகிறார்கள். பிட்டெஸ்ட், ஸ்ட்ரைக்கர் என்று கருவிகள்கூட உண்டு. இன்று மாலை தங்கள் இருக்கைக்குத் திரும்பியதும், பதிவைச் சேமிக்கும் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு நம் பெருந்தகையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். அப்போதும் அவர் பச்சையாகவே இருப்பார்.